ஹாஸ் கொட்டையில் முளைத்தது ஹாஸ் அவகாடோ ஆகுமா?

கேள்வி: ஹாஸ் அவகாடோவின் கொட்டையை நட்டு வளர்த்த மரம் முதன்முறையாகக் காய்த்திருக்கிறது. பழத்தோல் மெல்லிசாக, வழவழவென்று இருக்கிறது. இலையைக் கசக்கினால் சோம்பு வாசனை. பறித்துப் பழுக்க வைத்தால் சதையில் தண்ணீர்தான் அதிகம். எண்ணெய் அளவைச் சோதித்தால் இது என்ன ரகம் என்று தெரியுமா?

பதில்: தெரியாது. எண்ணெய் அளவு ரகத்தைவிட, காயை எப்போது பறித்தீர்கள் என்பதைத்தான் அதிகம் காட்டும். அவகாடோ மரத்திலேயே பழுக்காது. ஆனால் மரத்தில் இருக்க இருக்க எண்ணெய் ஏறும், நீர் குறையும். நீங்கள் சீக்கிரம் பறித்திருக்கலாம். இரண்டு மூன்று வார இடைவெளியில் ஒவ்வொரு காயாகப் பறித்து, சதையைத் துருவி எடை போடுங்கள். எடை மேலும் குறையாத வரை மிதமான சூட்டில் உலர்த்தி, மறுபடி நிறுத்துப் பாருங்கள். காய் முற்றியதாகக் கொள்ள ஹாஸுக்குக் கலிஃபோர்னியாவில் வைத்திருக்கும் குறைந்தபட்ச உலர் எடை (முதல் எடையில் உலர்ந்தபின் மிஞ்சும் பங்கு) 20.8 சதவீதம். வேறு ரகத்தோடு ஒப்பிடுவதானால் இரண்டும் முற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

சரி, ரகம்? இது ஹாஸ் இல்லை. பெயரில்லாத புது மரம். உலகத்து ஹாஸ் மரங்கள் எல்லாம் ஒரே தாய்மரத்தின் ஒட்டுகள். அந்தத் தாய்மரமும் கொட்டையில் முளைத்ததுதான். ருடால்ஃப் ஹாஸ் 1935-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 2019-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வின்படி ஹாஸில் சுமார் 61 சதவீதம் மெக்சிகோ மரபு, மீதி குவாத்தமாலா மரபு. சோம்பு வாசனையும் மெல்லிய தோலும் மெக்சிகோ பக்கத்து அடையாளம். தடித்த, சொரசொரப்பான தோல் குவாத்தமாலாவுடையது. உங்கள் மரத்தில் மெக்சிகோ பக்கம் தூக்கலாகத் தெரிகிறது. ஆனால் வாசனை இல்லாவிட்டால் அந்த மரபே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. ஹாஸ் இலையிலேயே சோம்பு வாசனை சொல்லும்படி இருக்காது.

பூவையும் கவனியுங்கள். காலையில் பெண்ணாக விரிந்து, மூடி, மறுநாள் மதியம் ஆணாக விரிந்தால் ‘ஏ’ வகை, ஹாஸ் அப்படித்தான். மதியம் பெண்ணாகவும் மறுநாள் காலை ஆணாகவும் விரிந்தால் ‘பி’ வகை, ஃபூயர்ட்டே என்ற அவகாடோ ரகம் போல. ‘பி’யாக இருந்தால் பக்கத்து ஹாஸ் மரத்துக்கு நல்ல மகரந்தத் துணை.

மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் டிஎன்ஏ சோதனைதான் வழி. அதற்கு உங்கள் மர இலையோடு, சந்தேகப்படும் ரகங்களின் இலைகளும் வேண்டும். ஹாஸ் பழமே வேண்டும் என்றால், மரத்தை வெட்டாமல் இதிலேயே ஹாஸ் குச்சியை ஒட்டுக்கட்டுங்கள். ஒரு கிளையை மட்டும் அப்படியே விட்டு வையுங்கள், முற்றிய காயின் ருசியை இன்னும் நீங்கள் பார்க்கவில்லையே.