பாய்மரப் பந்தய விதிகள் 2025–2028: கேட்டதும் சொன்னதும்

பாய்மரப் படகோட்டத்தின் உலக அமைப்பான வேர்ல்டு செய்லிங் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிடும் பந்தய விதிகளின் நடப்புப் பதிப்பு 2025 ஜனவரி 1 முதல் செல்லும். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கிளப் மட்டத்தில் ஓட்டுகிற நாங்கள் முதலில் எதைப் படிக்க வேண்டும்?

14-ஆம் விதி. முன்பு அது, முடிந்தால் மோதலைத் தவிர் என்பதோடு நின்றது. இப்போது கடமை மூன்றாகிவிட்டது. நீங்கள் மோதக் கூடாது. வேறு படகுகள் ஒன்றோடொன்று மோத நீங்கள் காரணமாகக் கூடாது. தவிர்க்க வேண்டிய ஒரு பொருளில் ஒரு படகு போய் இடிக்கவும் காரணமாகக் கூடாது. சென்னையைப் போலத் துறைமுகத்துக்குள் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு மூன்றாவதுதான் உறைக்க வேண்டும். காற்றுக்குக் கீழே (காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கம்) இருக்கும் படகுக்கு வழியுரிமை உண்டு. அந்த உரிமையை வைத்துக்கொண்டு மேலே இருப்பவரை நெருக்கிக்கொண்டே போய், கட்டியிருக்கும் ஒரு படகின் மேல் அவரை ஏற்றிவிட்டு, "நான் அவரைத் தொடவே இல்லை" என்று இனி விசாரணையில் சொல்லித் தப்ப முடியாது.

பந்தயப் பாதையைக் குறிக்கும் மிதவையைச் சுற்றும் 18-ஆம் விதியை அடியோடு மாற்றிவிட்டார்களாமே?

வாசகத்தை மாற்றினார்கள், ஆட்டத்தை அல்ல. இரண்டு படகுகளில் முந்தி வருவது மிதவையைச் சுற்றியுள்ள மண்டலத்தைத் தொடும்போது, பக்கவாட்டில் ஒன்றையொன்று எட்டியிருந்தால் வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவருக்கு இடம் தர வேண்டும். எட்டவில்லை என்றால், மண்டலத்துக்கு இன்னும் வராதவர் இடம் தர வேண்டும். முன்பு 'முன்னால் இருக்கும் படகு' என்று எழுதியிருந்ததால், வெவ்வேறு கோணங்களில் மிதவைக்கு வரும் படகுகளிடையே ஓர் ஓட்டை இருந்தது, அதை அடைத்திருக்கிறார்கள். மண்டலம் என்பது மிதவைக்கு அருகில் இருக்கும் படகின் உடல் நீளத்தைப் போல மூன்று மடங்கு. ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகை ஓட்டும் பிள்ளைக்கு அது ஏறக்குறைய 7 மீட்டர். அதைவிடப் பெரிய இல்கா படகை ஓட்டும் அண்ணனுக்கு 12.7 மீட்டர். கண்ணளவில் எல்லோரும் இதைக் கூட்டித்தான் கணக்கிடுகிறார்கள்.

ஸ்பின்னேக்கர் (முன்னால் விரியும் பெரிய பாய்) முனை முடிவுக் கோட்டைத் தொட்டால் முடித்ததாகுமா?

ஆகாது. 2021 முதலே படகின் உடல்தான் கணக்கு.

ஸ்டார்போர்டு டேக்கில் (வலப்பக்கம் காற்று வாங்கி) வந்த நான் ஏன் விலக வேண்டும்? வழி என்னுடையது.

உங்களுடையதுதான். எதிரே வருபவர் விலகப் போவதில்லை என்று தெளிவாகும் வரை நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தெளிவான பிறகும் முடிந்தும் விலகாமல் மோதினால் 14-ஐ மீறியவர் நீங்களும்தான். சேதமோ காயமோ இல்லையென்றால் 43-ஆம் விதி உங்களை விடுவிக்கும். இருந்தால் விடுவிக்காது.

(அவரே) அப்படியானால் போர்ட் டேக் (இடப்பக்கம் காற்று வாங்கும்) ஆட்கள் துணிந்து குறுக்கே வருவார்களே?

வரட்டும். விலகிக்கொண்டு "புரொட்டெஸ்ட்" என்று குரல் கொடுங்கள். விலக நேர்ந்ததே அவருக்கு எதிரான சாட்சி. முதல் நியாயமான வாய்ப்பிலேயே, அந்தச் சொல்லையே சொல்ல வேண்டும். படகின் உடல் 6 மீட்டரோ அதற்கு மேலோ என்றால் சிவப்புக் கொடியும் காட்ட வேண்டும். கரைக்கு வந்து கத்துவது கணக்கில் வராது.

(இன்னொருவர்) பெயின்ட் கீறல் எல்லாம் சேதமா? அதற்குத் தகுதிநீக்கமா?

வேர்ல்டு செய்லிங்கின் வழக்குத் தொகுப்பு இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது: படகின் சந்தை மதிப்பு குறைந்ததா? ஏதேனும் ஒரு பாகம் முன்போல வேலை செய்யாமல் போனதா? துடைத்தால் போகும் தேய்ப்பு சேதமல்ல. நார் தெரியும் பள்ளம் சேதம். இடைப்பட்டதை விசாரணைக் குழு தொட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும்.

(ஸ்டார்போர்டு டேக்கில் வந்தவரே) கடலில் அரை நொடியில் இதையெல்லாம் யோசிக்க முடியுமா?

முடியாது. அதனால்தான் விதியில் 'நியாயமாக முடிந்தால்' என்று இருக்கிறது. உங்கள் கேள்வியைப் படித்தால், யோசிக்க நேரம் கிடைத்தும் சுக்கானைத் தொடாதவராகத் தெரிகிறது. இத்தோடு இதை விடுகிறேன்.

மீன்பிடி ஃபைபர் படகு குறுக்கே வந்தால் ஸ்டார்போர்டு என்று கத்தலாமா?

கத்தினால் அவர் சிரிப்பார். பந்தயத்தில் இல்லாத படகை எதிர்கொள்ளும்போது பன்னாட்டுக் கடல்மோதல் தடுப்பு விதிகளோ அரசின் வழியுரிமை விதிகளோதான் பொருந்தும். வலை இழுத்துக்கொண்டிருப்பவருக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும்.

எங்கள் கிளப்பின் பந்தய அறிவிப்பில் பரிகார மனுவுக்கு (தன் தவறில்லாமல் இடம் இழந்தவர் நியாயம் கேட்பது) 62-ஆம் விதி என்றிருக்கிறது. சரியா?

பழைய தாளை நகலெடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் பகுதி முழுவதும் மறுபடி எழுதப்பட்டு, பரிகாரம் இப்போது 61-இல் இருக்கிறது. இதே ரகத்தில் மேலும் சில கேள்விகள் வந்துள்ளன; எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான்: பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய புத்தகத்தைப் பாருங்கள். வேர்ல்டு செய்லிங் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

வெவ்வேறு வேகப் படகுகளைச் சமன்செய்யும் ஹேண்டிகேப் எண் அநியாயமாக இருக்கிறது.

அது என் துறை அல்ல. பந்தயக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள்.

மிதவையை பூம் (பாயின் அடிக்கம்பம்) மட்டும் தொட்டது. அதற்கும் இரண்டு சுற்றா?

ஒரு சுற்று: ஒரு டேக் (முன்முனையைக் காற்றுக்கு ஊடாகத் திருப்புவது), ஒரு ஜைப் (பின்முனையைத் திருப்புவது). படகுகளிடையே தவறு செய்தால்தான் இரண்டு. விலகி நின்று உடனே சுற்றிவிடுங்கள்.

ஸ்டார்போர்டில் இருந்தும் நான்...

மேலே படியுங்கள்.

வெட்சூட் (உடம்பை ஒட்டிய ரப்பர் உடை) போட்டிருந்தால் லைஃப் ஜாக்கெட் வேண்டாம்தானே?

லைஃப் ஜாக்கெட்டுக்கான ஒய் கொடி ஏறிவிட்டால் கட்டாயம் வேண்டும். வெட்சூட் மிதவை உடையாகாது என்று 40-ஆம் விதி வெளிப்படையாகவே சொல்கிறது.