தானியங்கி ஊசிக் கருவியில் மருந்து கடைசியில் இழுத்தடிப்பது பற்றி

வணக்கம். 1 மி.லி. கண்ணாடி சிரிஞ்ச் வைத்த உங்கள் மாதிரிக் கருவியில் மருந்து வேகமாகப் புறப்பட்டுக் கடைசிக் கால்பங்கில் இழுத்தடிப்பதாகவும், இன்னும் வலுவான சுருள்வில்லைப் போட்டால் சிரிஞ்சின் கண்ணாடி விளிம்பு உடைவதாகவும் எழுதியிருந்தீர்கள். காரணம் நீங்கள் தந்த எண்களிலேயே இருக்கிறது: 30 நியூட்டனில் தொடங்கும் வில், மில்லிமீட்டருக்கு 0.6 நியூட்டன் வீதம் தளர்ந்து, சுமார் 32 மி.மீ. நகர்வின் முடிவில் 11 நியூட்டனுக்கு இறங்கிவிடுகிறது. அதிலும் சில நியூட்டன்களை, சிரிஞ்சுக்குள் மருந்தைத் தள்ளும் ரப்பர் அடைப்பானின் உராய்வு தின்றுவிடும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது வலுவான வில் அன்று, நீளமான வில். மில்லிமீட்டருக்கு 0.2 நியூட்டன் உள்ள வில்லை நன்றாக அழுத்திப் பூட்டி 26 நியூட்டனில் தொடங்கினால் முடிவில் ஏறத்தாழ 20 நியூட்டன் மிஞ்சும். நீள வில் பக்கவாட்டில் வளையும் என்பதால் உள்ளே வழிகாட்டித் தண்டு கட்டாயம்.

அதைவிடப் பெரிய லாபம் ஊசியில் இருக்கிறது. ஓட்டம் உள்விட்டத்தின் நான்காம் படியைச் சார்ந்தது. 27 கேஜ் (ஊசியின் தடிமனைக் குறிக்கும் எண்) ஊசியின் 0.21 மி.மீ. துளைக்குப் பதிலாக, மெல்லிய சுவருள்ள ஊசியில் 0.25 மி.மீ. கிடைத்தால், அதே விசையில் ஓட்டம் இரு மடங்காகும்.

கண்ணாடி உடைவதற்குப் பெரும்பாலும் காரணம், வில் தள்ளும் தண்டு, தனக்கும் அடைப்பானுக்கும் நடுவிலுள்ள காற்றிடைவெளியைத் தாண்டிச் சென்று அடைப்பானில் மோதும் அடிதான். அந்த இடைவெளியைக் குறைத்து, சிரிஞ்சை விளிம்பில் தாங்காமல் ஊசிப் பக்கத் தோளில் (குழல் ஊசியை நோக்கிக் குறுகும் இடத்தில்) தாங்குங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மருந்தின் பாகுநிலை கூடுதலாக இருக்கும் என்பதால், நேரத்தைக் குளிர்ந்த நிலையிலும் அளந்து பாருங்கள்.