நான்கு மாதத்தில் சென்னையிலிருந்து மெல்போர்னுக்குக் குடிபெயர்கிறோம். பூனையை அழைத்துச் செல்ல முடியுமா? குவாரன்டைனை அது தாங்குமா?

கேள்வியின் கீழ் நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: பூனைக்கு வயது பதினொன்று. வேலையில் சேர இன்னும் நான்கு மாதம். அதே தெருவில் அக்கா வீடு, பூனை பாதி நாள் அங்கேதான் தூங்குகிறது. பத்து நாள் கூண்டில் தனியாக இருந்தால் செத்துப்போய்விடுமோ என்று பயம்.

பத்து நாளைப் பிறகு பார்ப்போம். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பூனையை நேரடியாகக் கொண்டுபோகவே முடியாது. இதைச் சொல்லாமல் உங்களிடம் முன்பணம் கேட்கும் ஏஜென்ட் யாராவது இருந்தால் அவருடைய எண்ணை அழித்துவிடுங்கள்.

நாய், பூனை விஷயத்தில் ஆஸ்திரேலியா சில நாடுகளை மட்டும் ஏற்றுக்கொண்டு மூன்று குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நியூசிலாந்து முதல் குழு. ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய், இல்லாத ஜப்பான், சிங்கப்பூர் போன்றவை இரண்டாவது குழு. அமெரிக்கா, ஐக்கிய அரபு அமீரகம் போல ரேபிஸ் கட்டுக்குள் இருப்பதாக அவர்கள் ஒப்புக்கொண்ட நாடுகள் மூன்றாவது. இந்தியா எதிலும் இல்லை, இலங்கையும் இல்லை. நம் ஊர்ப் பூனை அங்கே போக வேண்டுமானால், முதலில் இந்தப் பட்டியலில் உள்ள ஒரு நாட்டுக்குப் போய், அங்கே விதிப்படி தயாராகி, அந்த நாட்டு அரசு கால்நடை மருத்துவரின் சான்றோடு விமானம் ஏற வேண்டும். அந்த இடை நாட்டுக்குள் நுழைவதற்குத் தனி விதி, தனிச் செலவு.

எனக்கு இது தெரிந்த கதையைச் சொல்கிறேன். நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். கட்டட வாசலில் நின்ற காருக்கு அடியிலிருந்து வந்து சேர்ந்த பூனை, பெயர் கருவாடு. முதல் நாள் அது திருடியது அதைத்தான். 2023 தொடக்கத்தில் என் மனைவிக்கு மெல்போர்னில் செவிலியர் வேலை உறுதியானது. மே மாதம் சேர வேண்டும். மூன்று பேரும் சேர்ந்தே போய்விடலாம் என்று நினைத்திருந்தோம்.

வரிசை இப்படி. முதலில் மைக்ரோசிப். அடையாள எண் பதிந்த, அரிசி அளவுள்ள ஒன்றைத் தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. மூன்று நான்கு வாரம் கழித்து இரத்தம் எடுத்து, தடுப்பூசி வேலை செய்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு எதிர்ப்பாற்றல் இருந்தால் தேர்ச்சி. கருவாடு எளிதாகத் தேறிவிட்டது. அன்று மாலை மனைவி பாயசம் வைத்தாள். அதற்கு அடுத்த வரியை நாங்கள் இருவருமே சரியாகப் படித்திருக்கவில்லை: இரத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 180 நாள் கழிந்த பிறகே பூனை புறப்படலாம்.

மார்ச் மூன்றாம் வாரத்தில் போய்ச் சேர்ந்த மாதிரி. செப்டம்பர் நடுப்பகுதி வரை பூனை நகர முடியாது. கெஞ்சினாலும் பணம் கட்டினாலும் ஒரு நாள்கூடக் குறையாது. ரேபிஸ் உடலுக்குள் போனதும் உடனே காட்டிக்கொடுக்கிற நோய் இல்லை. கடிபட்டு வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துத்தான் அறிகுறி வரும், வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. தடுப்பூசி போட்ட அன்று பூனை ஏற்கெனவே கடிபட்டிருந்தால் என்ன செய்வது என்பதற்கான பதில்தான் இந்த ஆறு மாதம். நாய்க்கடிக்குப் பயந்து வளர்ந்த கோவில்பட்டிக்காரன் நான். அந்தப் பயமே இல்லாத ஒரு நாடு, அதை உள்ளே விடக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பதில் எனக்குக் கோபம் வரவில்லை. ரேபிஸின் உறவுக்கார வைரஸ் ஒன்று அவர்களுடைய வௌவால்களிடம் இருப்பது 1996-இல் தெரியவந்தது. நாய், பூனைகளிடையே பரவும் ரேபிஸ் அங்கே இல்லை.

கோபம் வந்தது வேறொன்றில். 2023 மார்ச் 1 முதல் விதி மாறியிருந்தது. மூன்றாம் குழு நாட்டுப் பூனைக்கு, அந்த இரத்தம் எடுப்பதற்கு முன்பே அரசு தரப்பில் சிப்பைப் படித்து இது இந்தப் பூனைதான் என்று அடையாளச் சரிபார்ப்பு செய்திருந்தால் குவாரன்டைன் பத்து நாள். செய்யாவிட்டால் முப்பது நாள். கருவாட்டைக் காட்டிய கால்நடை மருத்துவமனை பழைய விதிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறது. ஏப்ரலில் ஏஜென்ட் தாள்களைப் புரட்டிவிட்டு, “சார், அடையாளச் சான்று எங்கே?” என்று கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுபடி முதலிலிருந்து இரத்தம் எடுத்து இன்னொரு 180 நாள், அல்லது முப்பது நாள் அடைப்பு. முப்பதையே எடுத்துக்கொண்டோம். மருத்துவமனையில் சண்டை போட்டேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்தார். வேறொன்றும் நடக்கவில்லை. ஆஸ்திரேலிய வேளாண் துறையின் தளத்தில் எல்லாம் எழுதியே இருந்தது, நான்தான் அடுத்தவர் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவி மே மாதம் தனியாகப் போனாள். நான் வேலையை நீட்டித்துக்கொண்டு பூனைக்குக் காவலாக ஷார்ஜாவிலேயே இருந்தேன். அம்மாவுக்கு இதை விளக்கவே முடியவில்லை. “பெண்டாட்டியைத் தனியாக அனுப்பிவிட்டுப் பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டிருக்கிறாயா? இங்கே கொண்டுவந்து விடு ராசா, நான் பார்த்துக்கொள்கிறேன். பிறகு வந்து தூக்கிக்கொண்டு போ” என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் கோவில்பட்டிக்குப் போன பூனை இந்தியப் பூனையாகிவிடும், பிறகு நேராக மெல்போர்ன் போக முடியாது. வளைகுடாவிலிருந்து ஆஸ்திரேலியா போகிறவர்களில் சிலர் இந்தக் குழியில் விழுகிறார்கள். தற்காலிகமாக ஊரில் விட்டுவைக்கிறோம் என்று நினைத்துச் செய்வது நிரந்தரமாகிவிடுகிறது.

கடைசி இரண்டு மாதத்து நாள் கணக்கு தனிச் சித்திரவதை. வெளி ஒட்டுண்ணி மருந்தைப் புறப்பாட்டுக்கு இருபத்தொரு நாள் முன்பே தொடங்கி, விடாமல் போட வேண்டும். குடற்புழு மருந்து இரண்டு தடவை. இரண்டுக்கும் இடையே பதினான்கு நாளாவது இருக்க வேண்டும், இரண்டும் கடைசி 45 நாளுக்குள் வர வேண்டும், இரண்டாவது கடைசி ஐந்து நாளுக்குள். தமிழ்க் கடையில் கொடுத்த தினசரி காலண்டரில், ராகு காலம், எமகண்டத்துக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். விமானம் ஒரு நாள் தள்ளிப்போனால் இந்தக் கணக்கு முழுவதும் ஆட்டம் காணும். இறக்குமதி அனுமதி வாங்க வாரக்கணக்கில் ஆகும். அது கைக்கு வந்த பிறகுதான் குவாரன்டைனில் இடம் பதிவு செய்ய முடியும். டிக்கெட் அதற்கும் பிறகு.

மடியில் வைத்துக்கொண்டு பறக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவுக்குப் பூனை சரக்காகத்தான் போகும், அதுவும் இரண்டாம், மூன்றாம் குழு நாட்டுப் பூனை மெல்போர்னில் மட்டுமே இறங்கும். சிட்னியில் குடியிருப்பவர்களுக்கும் அதே மெல்போர்ன்தான். கூண்டுக்குள் பூனை நிமிர்ந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி. தூக்க மருந்து கொடுத்து அனுப்பாதீர்கள். உயரத்தில் மூச்சும் இரத்த அழுத்தமும் இறங்கினால் பார்க்க அங்கே ஆள் இல்லை. நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், ஜூலையிலேயே கூண்டை வாங்கிக் கூடத்தில் திறந்து வைத்ததுதான். முதல் வாரம் கருவாடு அதைச் சுற்றிக்கொண்டு நடந்தது. பிறகு சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைக்கத் தொடங்கினேன். ஆகஸ்டில் நான் கூப்பிட்டாலும் வெளியே வராமல் அதற்குள்ளேயே மதியத் தூக்கம் போட்டது.

செப்டம்பர் கடைசியில் ஏற்றிவிட்டோம். மெல்போர்ன் விமான நிலையத்திலிருந்து அரசு ஆட்களே எடுத்துக்கொண்டு, நகரத்துக்கு வடக்கே இருக்கும் மிக்கில்ஹாம் குவாரன்டைன் நிலையத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 2015-இல் திறந்த இடம் அது. முன்பு வேறு நகரங்களிலும் நிலையங்கள் இருந்தன, இப்போது நாய் பூனைகளுக்கு இது ஒன்றுதான். உரிமையாளர் அங்கே போய்ப் பார்க்க அனுமதி கிடையாது. கூண்டுக்குள் என் பழைய கைலி ஒன்றை மடித்து வைத்திருந்தேன், வாசனைக்காக. அதை எடுத்து அழித்துவிடுவார்கள் என்று தெரிந்தேதான் வைத்தேன். பயணம் முடியும்வரையாவது இருக்கட்டுமே.

அந்த முப்பது நாளைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை, ஏனென்றால் நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மின்னஞ்சல் அனுப்பினேன். சாப்பிடுகிறது, அடைப்பின் பின்பக்கத்தில் ஒளிந்துகொள்கிறது என்று இரண்டு வரி வந்தது. வீட்டிலிருந்து அரை மணி நேர தூரத்தில் அது இருப்பதும் நான் போக முடியாததும் ஷார்ஜாவுக்கும் மெல்போர்னுக்கும் இடையே இருந்த தூரத்தைவிட மோசமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலை வழியாகக் காரில் போய்விட்டுத் திரும்பினோம். எதற்கென்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. 2000-க்கு முன்பு பிரிட்டனுக்குப் போன பூனைகள் ஆறு மாதம் அடைபட்டுக் கிடக்க வேண்டியிருந்தது என்பதை அந்த நாட்களில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அக்டோபர் கடைசியில் கூட்டிவரப் போனோம். “கா... ரு... வாடூ?” என்று ஒரு பணியாளர் தாளைப் பார்த்துக் கூப்பிட்டார். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். காய்ந்த மீன் என்றேன். சிரிக்கவில்லை, தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினார். பூனை கொஞ்சம் இளைத்திருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தது. மூன்றாம் நாள் இரவு வந்து மனைவியின் காலடியில் படுத்தது. என் பக்கம் வர ஒரு மாதம் ஆனது. கூண்டுக்குள் வைத்துக் கதவை மூடியவன் நான்தானே.

செலவு எல்லாம் சேர்த்து இருபதாயிரம் திர்ஹத்துக்குக் கொஞ்சம் குறைவு. “நாலு கறவை மாடு வாங்கிக் கட்டியிருக்கலாம்” என்றார் அம்மா. இருக்கலாம்.

வேறு நாட்டுக்குப் போகிற யாராவது இதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்று. எல்லா நாடும் இப்படி இல்லை. இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் பூனைக்கு, தடுப்பூசிக்கு முப்பது நாள் கழித்து எடுத்த இரத்தம் தேறினால் அந்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு, அடைப்பு இல்லை. ஜப்பானில் அதே 180 நாள் உண்டு. ஆனால் அதை வீட்டிலேயே கழித்துத் தாள் சுத்தமாக இருந்தால் விமான நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க மத்திய அரசு பூனைக்கு ரேபிஸ் ஊசிகூடக் கேட்பதில்லை, சில மாநிலங்கள் கேட்கும்.

இனி உங்கள் பூனை. நான்கு மாதத்தில் நடக்காது, அது முடிந்த விஷயம். இடை நாடு வழியாகக் கொண்டுபோக வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு வருடத்தை ஒதுக்குங்கள். அந்த மாதங்களில் அது யாரோ ஒருவருடைய காப்பகத்தில், உங்கள் குரல் கேட்காத இடத்தில் இருக்கும். கருவாட்டுக்கு அப்போது இரண்டு வயது, காத்திருந்த காலம் முழுவதும் என்னோடு இருந்தது. அப்படியும் எங்களுக்கு மூச்சு முட்டியது. பதினோரு வயதுப் பூனையை நானாக இருந்தால் இதற்குள் இழுக்க மாட்டேன். குவாரன்டைனில் அது செத்துப்போகும் என்பதற்காக இல்லை, பெரும்பாலும் தாங்கிவிடும். இரண்டு விமானம், மூன்று புது இடம், ஏகப்பட்ட ஊசி, எல்லாமே உங்கள் ஆசைக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றுவதால்.

அக்காவிடம் இன்றே கேளுங்கள். அவர் சரி என்றால், பூனையின் தட்டையும் மணல் தொட்டியையும் இந்த வாரமே அங்கே வைத்துவிடுங்கள். புறப்படும் நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். மனைவி பெட்டி கட்டிய வாரத்தில்தான் கருவாடு முதல்முறையாகச் சாப்பாட்டைத் தொடாமல் போனது. நீங்கள் பெட்டியை எடுப்பதற்குள் உங்களுடையதற்கு அந்த வீடு பழகியிருக்க வேண்டும்.