ரிஜிஸ்டர் விவரத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டு ரிஜிஸ்டரிலிருந்து, இறந்தே பிறந்த குழந்தைகள் பற்றிய மூன்று வருட விவரம் எடுத்து வைத்திருக்கிறேன். 25,000 ரூபாய் கொடுத்தால் 15 நாளில் ‘ஸ்கோபஸ்’ பட்டியலில் உள்ள ஆய்விதழில் போட்டுத் தருவதாக தஞ்சாவூரில் ஒருவர் சொல்கிறார். பழைய பதிவுதானே, எதிக்ஸ் அனுமதி வேண்டாம் என்கிறார். பிரமோஷனுக்குப் பேப்பர் வேண்டும். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். போன பணத்தைக்கூடச் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த எக்செல் ஃபைலை மட்டும் அவர் கண்ணில் காட்டாதீர்கள்.

உருப்படியான இதழ் எதுவும் 15 நாளில் போடாது. துறை தெரிந்த இரண்டு பேராவது படித்துக் கேள்வி கேட்பார்கள், நீங்கள் பதில் எழுத வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். ஏஜென்ட் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீர்கள். ஸ்கோபஸ் பல இதழ்களைப் பாதியில் கழற்றிவிட்டிருக்கிறது. அதன் தளத்தில் இதழின் பெயரைத் தேடினாலே எந்த வருடத்தோடு நின்றது என்று தெரியும். இதழுக்கு ஐ.எஸ்.எஸ்.என். என்ற பதிவு எண் இருக்கிறது என்பார். அது கடையின் கதவு எண் மாதிரி, உள்ளே சரக்கு எப்படி என்று சொல்லாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘யு.ஜி.சி. கேர்’ இதழ்ப் பட்டியலில் இருக்கிறது என்பார். அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. கைவிட்டாயிற்று. என்னிடம் ஒரு மாணவி அழுதுகொண்டே வந்தார்: அவருடைய அட்டவணை, ஊர்ப் பெயர் மட்டும் மாறி, வேறொருவர் பேரில் வெளியாகியிருந்தது. ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறார்கள்.

அடுத்து எதிக்ஸ். ‘பழைய பதிவு என்றால் அனுமதி வேண்டாம்’ என்பது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி, பழைய கேஸ் ஷீட்டை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு ஒவ்வொரு தாயிடமும் கையெழுத்து வாங்குவதிலிருந்து விலக்கு கிடைக்கலாம். விலக்கு தாயின் கையெழுத்துக்குத்தான், எதிக்ஸ் கமிட்டியின் அனுமதிக்கு அல்ல. அதையும் கமிட்டிதான் தரும். நீங்களோ, ஏஜென்டோ, உங்கள் பிரின்சிபாலோ எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவமனை கண்காணிப்பாளரின் அனுமதிக் கடிதம் வேறு, இது வேறு. வேலை முடிந்தபின் முன்தேதி போட்டுக் கேட்காதீர்கள். இதுவரை எடுத்ததை நிறுத்தி, நடந்ததைக் கமிட்டியிடம் அப்படியே சொல்லி விண்ணப்பியுங்கள்; அனுமதி வந்தபின் ரிஜிஸ்டரை மறுபடி பிரியுங்கள். கமிட்டி கூடுவதற்குள் ஒரு குறுவையே அறுவடையாகிவிடும், தெரியும். பேப்பரைப் படிக்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதவி உயர்வு கொடுப்பவர்கள் இருக்கும்வரை இந்த ஏஜென்டுகளுக்கும் பஞ்சமில்லை.

உங்கள் ரிஜிஸ்டரில் விஷயம் இருக்கிறது, அது ஏஜென்டுக்குத் தெரியாது. குழந்தைக்கு நேரே ‘எஃப்.எஸ்.பி.’ (ஃப்ரெஷ் ஸ்டில்பர்த்) அல்லது ‘எம்.எஸ்.பி.’ (மேசரேட்டட் ஸ்டில்பர்த்) என்று சிஸ்டர் எழுதியிருப்பார். தோல் உரியாமல் பிறந்தால் முன்னது. அந்த இறப்பு பெரும்பாலும் பிரசவ வலியின்போதோ அதற்குச் சற்று முன்போ நடந்தது. தோல் ஊறி உரிந்திருந்தால் பின்னது; குழந்தை வயிற்றுக்குள்ளேயே முன்னதாக இறந்துவிட்டது. முதலாவது லேபர் வார்டு கவனிப்பைப் பற்றிய கேள்வி. இரண்டாவது கர்ப்பகாலத்தில் பி.பி., சர்க்கரை, குழந்தையின் வளர்ச்சி பார்த்தார்களா என்ற கேள்வி. இரண்டையும் கூட்டி ஒரே சதவீதமாக்கினால் நீங்கள் எடுத்த மூன்று வருட விவரமும் வீண்.

வகுக்கும் எண்ணிலும் கவனம். உயிருடன் பிறந்தவர்களை மட்டும் வைத்து வகுக்கக் கூடாது, இறந்து பிறந்தவர்களையும் சேர்த்த மொத்தப் பிறப்பால் வகுக்க வேண்டும். எத்தனை வாரக் கர்ப்பத்திலிருந்து கணக்கெடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். நாடுகளை ஒப்பிட உலக சுகாதார நிறுவனம் 28 வாரம் என்று வைத்திருக்கிறது.

அப்புறம், தலைப்பில் ‘தஞ்சாவூர் மாவட்டத்தில்’ என்று போடாதீர்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த திருப்பூர்ப் பெண்ணும் உங்கள் ரிஜிஸ்டரில் இருப்பார். சிக்கலாகி வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்ட, பக்கத்திலிருக்கும் பாபநாசத்துப் பெண் இருக்க மாட்டார். அது ஒரு மருத்துவமனையின் கணக்கு, அவ்வளவுதான்.

‘சாம்பிள் பார்க்கணும்’ என்று கேட்டு ஃபைலை ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் வாங்கிவிட்டாரா? அதில் தாய்மார்களின் பெயரோ பிக்மி எண்ணோ (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) இருந்தால், மருத்துவமனைக்கு இன்றைக்கே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.