இறக்கைகளைக் கழற்றி மாட்டக்கூடிய, கோணம் மாற்றக்கூடிய படகுப் புரொப்பெல்லரை நாமே வடிவமைக்க முடியுமா?

முடியும். நான் மூன்று முறை வடிவமைத்தேன். முதல் இரண்டும் தோற்றன. இரண்டாவது தோற்ற விதம் என்னோடு படகில் இருந்த இருவரையும் ஆபத்தில் தள்ளியது. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்தபின் எழுதாமல் கடந்து போக மனம் வரவில்லை. ஒரு சிறு படகுக்கு இப்படிப்பட்ட புரொப்பெல்லரை உருவாக்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு சிறிய டீசல் எஞ்சினும், கணினியில் வரைந்த இறக்கை ஒன்றும், அநேகமாக ஒரு முப்பரிமாண அச்சு எந்திரமும் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அந்த இறக்கையின் வளைவைத் திருத்துவதிலேயே உங்கள் மாலைப் பொழுதுகள் கழிந்துகொண்டிருக்கும்; எனக்கும் அப்படித்தான் கழிந்தன. இறக்கையைச் சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, அது நடுக்குடத்தோடு, அதாவது இறக்கைகளைத் தாங்கி ஷாஃப்ட்டில் பொருந்தும் மையப் பகுதியோடு, சேரும் அடிப்பகுதியிலிருந்து தொடங்குங்கள். என் இரண்டு தோல்விகளும் அந்த இடத்தில்தான் நடந்தன.

நான் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தவன் அல்லன். இயந்திரப் பராமரிப்பில் வேலை செய்தவன். கீழே உள்ள எண்கள் என் படகுக்கானவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கணக்கு போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"கோணம் மாற்றக்கூடியது" என்று சொல்லும்போது எதை விரும்புகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். படகைக் கரையேற்றி, போல்ட்டைத் தளர்த்தி, கோணத்தை மாற்றி மீண்டும் பூட்டுவது ஒரு வகை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவது முற்றிலும் வேறு வகை. இரண்டாவதற்கு உள்ளீடற்ற ஷாஃப்ட், அதனுள் நகரும் கம்பி, நடுக்குடத்துக்குள் ஒவ்வோர் இறக்கைக்கும் ஒரு நெம்புகோல், நீர் புகாத சீல்கள் என்று எல்லாம் தேவைப்படும். விக்டர் காப்லான் நீர்மின் சுழலிக்காக உருவாக்கிய ஏற்பாட்டின் வழிவந்த அந்த அமைப்பு, 1930களில் கப்பல்களில் நிலைபெற்றது. சிறு பட்டறையில் அதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கரையில் வைத்து மாற்றும் வகையோ புதிதல்ல. ராபர்ட் கிரிஃபித்ஸ் 1849-இல் காப்புரிமை பெற்ற புரொப்பெல்லரில் பெரிய கோள வடிவ நடுக்குடத்தில் இறக்கைகள் பொருந்தியிருந்தன. பின்னர் வந்த நீராவிக் கப்பல்கள் பலவற்றில் இறக்கையின் அடித்தட்டில் போல்ட் துளைகளை நீள்வட்டமாக வெட்டி, பிட்ச்சை, அதாவது ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தூரத்தை, சிறிது கூட்டிக் குறைத்தார்கள். 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கின் இரு பக்கப் புரொப்பெல்லர்களிலும் இறக்கைகள் போல்ட்டால் பூட்டப்பட்டவையே. ஆகவே "இதெல்லாம் நடக்காத காரியம்" என்று எழுதுபவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். "ஒரே வார்ப்பில் செய்த புரொப்பெல்லரே பெரும்பாலான படகுகளுக்குச் சிறந்தது" என்பவர்களை மட்டும் பொருட்படுத்துங்கள். அவர்கள் சொல்வது உண்மை.

எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். படகு ஏழு மீட்டர் நீளம், எஞ்சின் 3,000 சுற்றில் 15 கிலோவாட் தருவது, 2.5-க்கு 1 என்ற கியர் விகிதத்தால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுழலும். படகோடு வந்த 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள பழைய புரொப்பெல்லரின் பிட்ச் அதிகமாக இருந்ததால், எஞ்சின் 2,600 சுற்றைத் தாண்டாமல் கரும்புகை கக்கியது. பிட்ச்சை எவ்வளவு குறைத்தால் சரியாகும் என்பதைக் கணக்கால் ஓரளவுதான் சொல்ல முடிந்தது. படகின் சுமையும் நாளுக்கு நாள் மாறியது. அதனால் 300 மில்லிமீட்டரை நடுவில் வைத்து, இரு பக்கமும் நகர்த்தக்கூடிய ஒன்றைச் செய்ய முடிவெடுத்தேன்.

பிட்ச் என்பது, நீர் திடப்பொருளாக இருந்தால் புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம். ஆரத்தின் 70 சதவீதத்தில், அதாவது மையத்திலிருந்து 140 மில்லிமீட்டரில், 300 மில்லிமீட்டர் பிட்ச்சுக்கு இறக்கையின் கோணம் 18.8 பாகை. அங்கே ஒரு பாகை திருப்பினால் பிட்ச் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் மாறும். ஆனால் இறக்கை முழுவதும் ஒரே அளவில் மாறுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று பாகை கூட்டினால் அந்த 140 மில்லிமீட்டரில் பிட்ச் 352 ஆகும். 80 மில்லிமீட்டர் ஆரத்தில் 337-தான் ஆகும். நுனியிலோ 370-ஐத் தொட்டுவிடும். நடுநிலையிலிருந்து விலக விலக நுனி அதிகச் சுமையை இழுத்துக்கொள்ளும். எனவே நீங்கள் அதிகம் ஓட்டப்போகும் நிலைக்கே இறக்கையை வரையுங்கள். நகர்த்தும் எல்லை இரு பக்கமும் நான்கு பாகைக்கு மேல் வேண்டாம். அதுவே 233 முதல் 370 மில்லிமீட்டர் வரை தருகிறது, அவ்வளவுகூட எனக்கு ஒருபோதும் தேவைப்படவில்லை.

முதல் நடுக்குடத்தை இரண்டு பாதிகளாகச் செய்து, இறக்கைகளின் உருண்டையான அடித்தண்டை அவற்றுக்கு நடுவே கவ்வ வைத்தேன். பிடிப்பு முழுவதும் உராய்வுதான். முதல் சோதனை ஓட்டத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே எஞ்சினின் சுற்று மெல்ல ஏறியது, படகின் வேகம் குறைந்தது, பின்பகுதி நடுங்கத் தொடங்கியது. கரையேற்றிப் பார்த்தபோது ஓர் இறக்கை ஆறு பாகை தட்டையாகத் திரும்பியிருந்தது. இறக்கை சுழற்சித் தளத்துக்குச் சாய்வாக நிற்பதால், மையவிலக்கு விசை அதை அந்தத் தளத்துக்குள் படுக்க வைக்கவே, அதாவது பிட்ச்சைக் குறைக்கவே முயல்கிறது. இது எனக்குத் தெரியாததல்ல. கவ்வும் பிடிப்பு அதைத் தாங்கும் என்று நம்பிவிட்டேன்.

இரண்டாவதில் ஒவ்வோர் இறக்கைக்கும் 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள அடித்தட்டு, எட்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஆறு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகள், கோணம் மாற்ற வில் வடிவத் துளைகள். கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன். ஓர் இறக்கையின் எடை 600 கிராம், எடைமையம் 110 மில்லிமீட்டர் ஆரத்தில். 1,200 சுற்றில் அது சுமார் 1,040 நியூட்டன் விசையோடு வெளியே இழுக்கும், அதாவது 100 கிலோவுக்கு மேல். உந்துவிசை ஓர் இறக்கைக்கு ஏறத்தாழ 600 நியூட்டன். அது உண்டாக்கும் வளைவையும் சேர்த்தாலும் ஒரு போல்ட் மீது விழுவது ஆயிரம் நியூட்டனுக்குக் குறைவு. போல்ட் அதைப் போலப் பதினைந்து மடங்கு தாங்கும். அந்தப் பதினைந்து என்ற எண்ணை நம்பித்தான் நான் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு சென்றேன்.

அறுபத்தோராவது மணி நேரத்தில் ஓர் இறக்கை கழன்று போயிற்று. சமன் குலைந்த புரொப்பெல்லர் ஆயிரம் நியூட்டனுக்கு மேற்பட்ட விசையோடு நொடிக்கு இருபது முறை ஷாஃப்ட்டை உலுக்கியது. எஞ்சினை நிறுத்த எனக்கு ஐந்தாறு நொடிகள் ஆகியிருக்கும். அதற்குள் பின்பக்க பேரிங் பிளந்து, ஷாஃப்ட் வெளியேறும் குழாய் வழியே தண்ணீர் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. கந்தையை அடைத்து, ஒருவர் தண்ணீரை இறைக்க, மற்றவரும் நானும் துடுப்பு போட்டுக் கரை சேர்ந்தோம். யாருக்கும் காயமில்லை.

உடைந்த ஆறு போல்ட்டுகளில் நான்கின் முகங்களில், அலை ஒதுங்கிய மணலில் இருப்பதைப் போன்ற வளைவரிகள் தெரிந்தன. அது உலோகக் களைப்பின் அடையாளம்: ஒரே அடியில் உடையாமல், திரும்பத் திரும்ப வந்த சிறு சுமையில் விரிசல் வளர்ந்து உடைந்திருக்கிறது. படகின் அடிக்கட்டைக்குப் பின்னால் நீரோட்டம் மெதுவாக இருப்பதால், ஒவ்வோர் இறக்கையும் ஒரு சுற்றுக்குக் குறைந்தது ஒரு முறை சுமை ஏறி இறங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு 72,000 முறை. அறுபத்தொரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 44 லட்சம் முறை. நன்றாக இறுக்கிய போல்ட் இந்த ஏற்ற இறக்கத்தில் மிகச் சிறு பங்கையே உணரும். அழுந்தி நிற்கும் இரு உலோக முகங்களும் மீதியைத் தமக்குள் ஏற்றுக்கொள்ளும். இறுக்கம் போய்விட்டால் முழுச் சுமையும் போல்ட்டின் மீது, அதிலும் முதல் மரையின் பள்ளத்தின் மீது விழும். என் போல்ட்டுகளின் இறுக்கம் ஏன் போயிற்று என்றால், துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று நடுக்குடத்தின் முகத்தில் இரண்டு பூச்சு பெயின்ட் அடித்து, அதன் மேல் இறக்கையைப் பூட்டியிருந்தேன். பெயின்ட் நாளடைவில் நசுங்கி மெலிந்தது. மெலிந்த அளவுக்கு இறுக்கம் தளர்ந்தது. தவறு முழுக்க என்னுடையது. சேரும் முகங்களுக்கு நடுவே பெயின்ட், கேஸ்கெட், மென்மையான வாஷர் எதுவும் இருக்கக் கூடாது. உலோகத்தோடு உலோகம் படிய வேண்டும். நீர் புகாமல் தடுக்க ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையத்தைத் தனிப் பள்ளத்தில் வையுங்கள்.

மூன்றாவது நடுக்குடம் இப்போது ஓடுகிறது. அதில் இறுக்குவது போல்ட்டின் வேலை, கோணத்தைக் காப்பது ஒரு பின்னின் (துளையில் செருகும் சிறு உலோக முளையின்) வேலை என்று இரண்டையும் பிரித்துவிட்டேன். நடுக்குடத்தின் முகத்தில் 40 பாகைக்கு ஒன்றாக ஒன்பது துளைகள்; இறக்கையின் அடித்தட்டில் 41 பாகைக்கு ஒன்றாக ஒன்பது துளைகள். முதல் துளைகள் நேராக இருக்கும்போது கோணம் பூஜ்ஜியம். ஒரு பாகை திருப்பினால் இரண்டாவது இணை நேராகும், இரண்டு பாகை திருப்பினால் மூன்றாவது இணை. இப்படியே எட்டு பாகை வரை. வெர்னியர் அளவுகோலின் அதே தத்துவம்தான். நேராகும் இணையில் ஆறு மில்லிமீட்டர் பின்னைச் செருகினால் மூன்று இறக்கைகளும் ஒரே கோணத்தில் நிற்கும். கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டியதில்லை. இது சிறு வசதி அல்ல: அரை பாகை வேறுபாடே பிட்ச்சில் கிட்டத்தட்ட மூன்று சதவீதம், இறக்கைக்கு இறக்கை அது மாறினால் படகு முழுவதும் அதிரும். துளைகளை ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீராக்கும் கருவி) போட்டு முடித்தால்தான் பின் ஆட்டமில்லாமல் உட்காரும்.

இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு. என் நடுக்குடத்தின் விட்டம் 120 மில்லிமீட்டர், புரொப்பெல்லர் விட்டத்தில் 30 சதவீதம். ஒரே வார்ப்பில் செய்ததில் இது 20 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். நடுவில் அவ்வளவு இடம் வீணாவதால் திறன் சற்றுக் குறையும். அதை ஒப்புக்கொண்டுதான் செய்கிறேன்.

உலோகத்தைப் பற்றி எழுதும்போது பழைய கோபம் ஒன்று எழுகிறது. முதல் தொகுதி இறக்கைகளுக்கு நிக்கல் அலுமினியம் வெண்கலம் கேட்டு, அதற்கான தொகையையும் கொடுத்திருந்தேன். ஒரு வார்ப்பாலை அதைத்தான் தருவதாகச் சொல்லிச் சான்றிதழும் கொடுத்தது. சில மாதங்களில் இறக்கைகளின் ஓரங்களில் செம்பு நிறத் திட்டுகள் தோன்றின. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, வலுவில்லாத செம்பு மட்டும் எஞ்சியதன் அடையாளம் அது. சான்றிதழை மீண்டும் எடுத்துப் பார்த்தால், அதில் இருந்தது வேறொரு வார்ப்பின் எண். கேட்டபோது "எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள். ஒன்றல்ல. மாங்கனீசு வெண்கலம் என்று விற்கப்படுவதே உண்மையில் நாற்பது சதவீதம் அளவுக்குத் துத்தநாகம் கொண்ட பித்தளைதான். அதைப் பித்தளை என்று சொல்லி விற்றால் எனக்குப் புகார் இல்லை. உங்கள் வார்ப்பின் எண் இறக்கையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

போல்ட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும் என்று பலரும் எழுதுவார்கள். அதைக் காக்கும் மெல்லிய படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். கடல்நீர் தேங்கும் இடுக்கில் அது கிடைக்காது, போல்ட் தலைக்கடியில் மறைவாக அரிக்கும். நான் இப்போது மோனெல் கே-500 என்ற நிக்கல்-செம்புக் கலவை போல்ட்டுகளைப் போடுகிறேன். அச்சு எந்திரத்தில் எடுத்த பிளாஸ்டிக் இறக்கையை வார்ப்பு அச்சுக்கான மாதிரியாகப் பயன்படுத்துங்கள். அடுக்குக்கு அடுக்கு ஒட்டிய அந்தப் பொருளை இத்தகைய சுமையில் சுழற்றாதீர்கள்.

பாறையிலோ மரக்கட்டையிலோ மோதினால் எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்து வையுங்கள். இறக்கை வளையட்டும், அதைவிட வலுவாகப் போல்ட்டும், அதைவிட வலுவாக நடுக்குடமும், எல்லாவற்றையும்விட வலுவாக ஷாஃப்ட்டும் இருக்கட்டும். மாற்று இறக்கையை எடையால் மட்டும் ஒப்பிடாமல், எடைமையத்தின் தூரத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள். 110 மில்லிமீட்டரில் பத்து கிராம் வேறுபாடு என் ஷாஃப்ட்டில் 17 நியூட்டன்தான். ஐம்பது கிராம் என்றால் கையில் நடுக்கம் தெரியும்.

பூட்டி முடித்தபின், ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்து அடித்தட்டுக்கும், அடித்தட்டிலிருந்து நடுக்குடத்துக்கும் குறுக்கே ஊசிமுனையால் ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும், பத்து மணி நேரத்துக்குப் பிறகும், பின்னர் ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு முறையும் படகைக் கரையேற்றி அந்தக் கோடுகளைப் பாருங்கள்; இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கத்தையும் சோதியுங்கள். கோடு முடியளவு விலகியிருந்தாலும் அன்று படகை எடுக்காதீர்கள். என் மூன்றாவது நடுக்குடம் 340 மணி நேரம் ஓடியிருக்கிறது. கோடுகள் இன்னும் நேராகவே இருக்கின்றன. உங்கள் எஞ்சினின் திறன், கியர் விகிதம், புரொப்பெல்லர் விட்டம் மூன்றையும் கீழே எழுதினால், அடித்தட்டுக்கும் பின்னுக்குமான கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுத் தருகிறேன்.