பைபாஸுக்குப் பிறகு ஏர் ரைஃபிள்

அண்ணே, பைபாஸ் முடிந்து 8 மாதம், டாக்டர் சரி சொல்லிவிட்டார், பழைய ஏர் ரைஃபிளை எடுத்தால் கை நடுங்குகிறது என்று கீழக்கரையிலிருந்து கேட்டிருந்தீர்கள். நடுக்கத்தை விடுங்கள். ஒவ்வொரு முறை சுடும் முன்பும் குழலை மடக்கி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்தி ஏற்றும் இழுப்புதான் எனக்குக் கவலை. நெஞ்செலும்பு வரை இழுக்கும். அதை டாக்டரிடம் செய்கையோடு காட்டிக் கேளுங்கள். அதுவரை வீட்டில் யாராவது மடக்கித் தரட்டும்.

மேசை மேல் மணல் பை வைத்து, உட்கார்ந்தே 10 மீட்டரில் சுடுங்கள். தம் கட்டாதீர்கள், பாதி மூச்சை விட்டு, சில நொடியில் குறி அமையாவிட்டால் இறக்கிவிடுங்கள்.

பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும்) மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், பொழுதுபோக்குக்குப் பிரச்சினை இல்லை. துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் அது தடை மருந்து, மருத்துவ விலக்கு வாங்க வேண்டும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!

அப்புறம், நம்ம ஊர் உப்புக் காற்றில் குழல் துருப்பிடித்திருக்கும். லேசாக எண்ணெய்த் துணி போதும், அதிகம் விட்டால் சுடும்போது அந்த எண்ணெய் புகைந்து வெடிக்கும்.