பிரெட்டின் பக்கங்கள் குழிவது வெந்தது போதாததால்தான்

350 கிராம் மைதாவில் பிரெட்டுக்குப் பிசைந்து, மூடி போட்ட 9 அங்குல டின்னில் 180 டிகிரியில் 25 நிமிடம் சுட்டு, டின்னிலேயே ஆறவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறியதும் இரண்டு பக்கமும் இடுப்பு மாதிரி உள்ளே ஒடுங்கிவிடுகிறது என்கிறீர்கள். மாவின் அளவில் குறை இல்லை. 9×4×4 அங்குல டின் சுமார் 2.4 லிட்டர் கொள்ளும், அதற்கு, மைதாவோடு தண்ணீரும் மற்றதும் சேர்ந்து வரும் 600 கிராம் மாவு உருண்டை சரியான கணக்கு.

இடிப்பது நேரம். மூடி போட்டால் ஈரம் உள்ளேயே சுற்றும், பக்கச்சுவர் கெட்டிப்பட நேரமெடுக்கும். 190 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் விடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள்: 93 டிகிரிக்குக் கீழே இருந்தால் இன்னும் கொஞ்சம் வேகட்டும். ஓடிஜியில் (மேடையில் வைக்கும் சின்ன மின்சார அவன்) காட்டும் சூட்டை ரொம்ப நம்பாதீர்கள், இருபது டிகிரி கூடக் குறைய இருப்பது சகஜம்.

அப்புறம், டின்னில் ஆறவிடவே கூடாது. ஆவி போக வழியில்லாமல் பக்கங்கள் நமுத்து, தன் கனத்தைத் தானே தாங்காமல் உட்கார்ந்துவிடும். அடுப்பிலிருந்து எடுத்ததும் டின்னை மேடையில் ஒருமுறை நச்சென்று தட்டி, உடனே கம்பித் தட்டில் கவிழ்த்துவிடுங்கள்.

சுடுவதற்கு முன், டின்னில் மாவு பொங்கி விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்ததும் மூடியைத் தள்ளி மூடுங்கள். வெயில் காலத்தில் அது அரைமணியிலேயே வந்துவிடலாம், அதனால் கடிகாரத்தை விட்டு டின்னைப் பாருங்கள். அதிகம் பொங்கவிட்டாலும் இதே குழி விழும்.

இத்தனைக்கும் பிறகும் ஒடுங்கினால், தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி குறையுங்கள்.